ககாவுஸ் மக்கள் யார் பக்கம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 6 அக்டோபர் 2025

பேசுவது துருக்கியக் குடும்பத்து மொழி, வழிபடுவது ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில், படிப்பது ரஷ்ய மொழியில், வாழ்வது மால்டோவாவில், வாக்களிப்பது மாஸ்கோவின் விருப்பப்படி. இப்படிப்பட்ட மக்களுக்குத் தனி அடையாளம் என்று ஒன்று உண்டா? அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இன்று சிறையில் இருக்கிறார். மால்டோவாவை அசைப்பதற்கு ரஷ்யா வைத்திருக்கும் கைப்பிடி என்பதைத் தவிர, மால்டோவாவின் தெற்கே அவர்கள் வாழும் ககாவுசியாவின் தன்னாட்சிக்கு வேறு பொருள் இருக்கிறதா?

6 அக்டோபர் 2025, இரவு

இருக்கிறது. மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில் மருத்துவம் படித்த ஆண்டுகளில் என் வகுப்பில் சாதிர்-லுங்கா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் பாட்டியிடம் தொலைபேசியில் ககாவுஸ் மொழியிலும், தம்பியிடம் ரஷ்ய மொழியிலும், கல்லூரி அலுவலகத்தில் தட்டுத்தடுமாறி ருமேனிய மொழியிலும் பேசுவார். நீங்கள் அடுக்கியிருக்கும் அத்தனையும் அவரிடம் இருந்தன. ஆனால் "நீ யார்?" என்று யார் கேட்டாலும் ஒரு கணமும் தயங்காமல் "ககாவுஸ்" என்றுதான் சொல்வார். துருக்கியர் என்றோ ரஷ்யர் என்றோ அவர் தம்மைச் சொல்லிக்கொண்டதை நான் கேட்டதே இல்லை.

உங்கள் கேள்வி மாஸ்கோவில் தொடங்கி மாஸ்கோவில் முடிகிறது. இந்த மக்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதியும் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் எந்த வல்லரசின் பக்கம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதன் பிறகே அவர்களைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

7 அக்டோபர் 2025

முதலில் வரலாறு. இந்த மக்களின் முன்னோர் இன்றைய பல்கேரியாவின் வடகிழக்கிலும் கருங்கடலோரப் பகுதியான தோப்ருஜாவிலும் வாழ்ந்தவர்கள். 1806 முதல் 1812 வரை நடந்த ரஷ்ய-துருக்கிப் போரின் முடிவில், இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதி அடங்கிய பெசராபியா ரஷ்யாவின் கைக்கு வந்தது. அதன் தென்பகுதியான புஜாக் புல்வெளியில் அதுவரை வாழ்ந்த நொகாய் தாத்தாரியர் அகற்றப்பட்டார்கள். ஆளில்லாமல் கிடந்த அந்த நிலத்தில் உஸ்மானியப் பேரரசிலிருந்து வெளியேறிய பல்கேரியரும் ககாவுஸ் மக்களும் குடியேறினார்கள். 1819ஆம் ஆண்டின் அரசாணை அவர்களுக்குக் குடியேறிகளுக்கான தனித் தகுதியைக் கொடுத்தது. நிலமும் வரிச்சலுகையும் கிடைத்தன. பண்ணையடிமை முறை அவர்களைத் தொடவில்லை.

ரஷ்யாவின் மீது அங்குள்ள முதியவர்களுக்கு இருக்கும் பற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது. தொலைக்காட்சிப் பிரசாரத்தால் மட்டுமே உண்டான ஒன்றாக அதைக் கருதுவது அவர்களின் இருநூறு ஆண்டு நினைவை அழித்துவிட்டுப் பேசுவதாகும். அதே சமயம், அது கண்ணை மூடிய பற்றும் அல்ல. 1906 ஜனவரியில், இன்று ககாவுசியாவின் தலைநகரான கொம்ராத் நகரத்து மக்கள் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்து, தங்களுக்கென்று ஒரு குடியரசை அறிவித்தார்கள். படை வந்து அடக்கும்வரை அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சில நாட்களை இன்றுவரை அங்கே பெருமையோடு நினைக்கிறார்கள்.

7 அக்டோபர் 2025, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சில செய்திகள். 1918இல் பெசராபியா ருமேனியாவோடு இணைந்தது. 1940இல் சோவியத் ஒன்றியம் அதைக் கைப்பற்றியபோது தென்கோடி மாவட்டங்களை உக்ரைனுக்குக் கொடுத்தது. ககாவுஸ் கிராமங்களின் நடுவே அப்போது வரையப்பட்ட கோடு இன்று இரு நாடுகளுக்கு இடையிலான எல்லை. 1946-47 பஞ்சம் மால்டோவாவின் தென்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. தானியக் கொள்முதல் நிறுத்தப்படாமல் தொடர்ந்ததால் செத்தவர்களின் எண்ணிக்கை பெருகியது. 1949 ஜூலையில் மால்டோவாவெங்கும் பல குடும்பங்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டன. என் நண்பரின் கிராமத்தில் பஞ்சத்தைப் பற்றி மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். அந்த வீடுகளிலேயே சோவியத் காலத்தைப் பொற்காலம் என்றும் சொல்வார்கள். முதல்முறை கேட்டபோது இந்த இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வருகின்றன என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பஞ்சத்தைத் தாண்டி உயிர்பிழைத்தவர்களுக்குக் கூட்டுப்பண்ணையும் மின்சாரமும் மருத்துவமனையும் பின்னர் கிடைத்தன என்பதையும், 1990களில் அவையெல்லாம் ஒரேயடியாகச் சரிந்தன என்பதையும் அறிந்த பிறகு அந்தக் குழப்பம் குறைந்தது.

9 அக்டோபர் 2025

"அப்படியென்றால் இவர்கள் துருக்கியரா, பல்கேரியரா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான் இரண்டாம் கைகாவுஸோடு தோப்ருஜாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பது ஒரு கருத்து. கருங்கடலுக்கு வடக்கிலிருந்து இறங்கிய ஓகுஸ், பெச்செனெக், குமான் ஆகிய துருக்கிய நாடோடிக் கூட்டங்களின் வழிவந்தவர்கள் என்பது மற்றொன்று. மதத்தைக் காத்துக்கொண்டு மொழியை இழந்த பல்கேரியர் என்று பல்கேரிய அறிஞர்கள் பலர் எழுதினார்கள். ஒவ்வொரு கருத்தின் பின்னாலும் ஓர் அரசின் விருப்பம் நிற்பதைக் கவனியுங்கள். செல்ஜுக் கதை அங்காராவுக்கு இனிக்கிறது. மொழி மாறிய பல்கேரியர் என்ற கதை பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு இனிக்கிறது.

இந்தக் கேள்விக்கு அறிவியல் வழியில் விடை கிடைத்தாலும் இன்றைய அரசியலில் அது எதையும் தீர்த்துவைக்காது என்றே நினைக்கிறேன். தங்களைப் பற்றித் தாங்களே எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மக்களின் அரசியல் அடையாளம் எண்ணப்பட வேண்டும். ககாவுஸ் மக்களில் அந்த வேலையைத் தொடங்கியவர் மிகைல் சாகிர் (1861–1938) என்ற பாதிரியார். நற்செய்தி நூல்களையும் வழிபாட்டு நூல்களையும் தம் மக்களின் மொழியில் பெயர்த்தார். 1934இல் பெசராபிய ககாவுஸ் மக்களின் வரலாற்றை அவர்களுடைய மொழியிலேயே வெளியிட்டார். ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் ஒருவர் துருக்கிய மொழியொன்றில், கடவுளை அல்லா என்று விளித்து, கிறித்தவ மன்றாட்டுகளை அச்சிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு முரண்பாடாகத் தோன்றுவது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

12 அக்டோபர் 2025

தன்னாட்சி மாஸ்கோவில் தயாரிக்கப்பட்டது என்ற வாதத்துக்கு வருகிறேன். இதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. 1989 ஆகஸ்ட் 31 அன்று மால்டோவாவின் அன்றைய நாடாளுமன்றமான உச்ச சோவியத் ருமேனிய மொழியை அரசு மொழியாக்கி, லத்தீன் எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அது மால்டோவியரின் நியாயமான மீட்சி. ஆனால் ரஷ்ய மொழியில் மட்டுமே கல்வி பெற்ற தென்பகுதி மக்களுக்கு, ஒரே இரவில் தங்கள் ஊரிலேயே வேலைக்குத் தகுதியற்றவர்களாகிவிட்டது போன்ற அச்சம் ஏற்பட்டது. ருமேனியாவோடு இணைவோம் என்ற முழக்கம் கிஷினாவின் தெருக்களில் கேட்டபோது அந்த அச்சம் இரட்டிப்பானது. 1990 ஆகஸ்ட் 19 அன்று கொம்ராத்தில் ககாவுஸ் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஸ்டெபான் தொபால் அதன் தலைவரானார். அக்டோபர் கடைசியில் பிரதமர் மிர்ச்சா துருக் அனுப்பிய ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பேருந்துகளில் தெற்கே புறப்பட்டார்கள். சோவியத் உள்துறைப் படை நடுவில் வந்து நின்றது. மாஸ்கோவுக்கு அதில் ஆதாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 1991 ஆகஸ்டில் கொர்பச்சேவுக்கு எதிரான கவிழ்ப்பு முயற்சியைக் கொம்ராத் தலைமை ஆதரித்ததும், அதற்காகத் தொபால் கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டதும் பதிவான வரலாறு.

ஆனால் 1994இல் நடந்ததைப் பாருங்கள். மால்டோவாவின் கிழக்கில் பிரிந்து நின்ற திரான்ஸ்னிஸ்திரியாவில் 1992இல் போர் மூண்டு, ரஷ்யப் படை இன்றுவரை அங்கே இருக்கிறது. ககாவுஸ் தலைமையோ கிஷினாவோடு உட்கார்ந்து பேசி, தனிக் குடியரசைக் கைவிட்டு, ஆயுதங்களை ஒப்படைத்தது. துருக்கி அதிபர் சுலைமான் தெமிரேல் அந்த ஆண்டு நேரில் வந்து, மால்டோவாவின் ஒற்றுமைக்குள் தீர்வு காணுங்கள் என்று இரு தரப்பையும் வற்புறுத்தினார். 1994 டிசம்பர் 23 அன்று மால்டோவா நாடாளுமன்றம் சிறப்புத் தகுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1995 மார்ச் 5 அன்று ஊர்தோறும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று நகரங்களும் 27 கிராமங்களும் சேர்ந்தன. சேர விரும்பாத ஊர்கள் வெளியே நின்றதால்தான் வரைபடத்தில் ககாவுசியா துண்டு துண்டாகக் கிடக்கிறது. முன்னாள் சோவியத் நிலப்பரப்பில், ஒரு தேசிய இனத்தின் கோரிக்கை போர் இல்லாமல், பேச்சுவார்த்தையால், சட்டமாக முடிந்தது மிகவும் அரிது. கைப்பிடி என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்க மறுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

12 அக்டோபர் 2025, இரவு

அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஓர் உறுதி இருக்கிறது. மால்டோவாவின் சுதந்திர நாடு என்ற தகுதி மாறினால், ககாவுசியா மக்களுக்கு வெளிப்புறச் சுயநிர்ணய உரிமை உண்டு. ருமேனியாவோடு இணைப்பு நடந்தால் நாங்கள் தனியே போவோம் என்பதே இதன் பொருள். மால்டோவா நாடாக இருக்கும்வரை அதற்குள் இருப்போம் என்ற ஒப்புதலும் இதே வரியில் அடங்கியிருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

15 அக்டோபர் 2025

"சட்டம் அவ்வளவு நல்லதென்றால் சிக்கல் எங்கே?" என்று கேட்ட நண்பருக்கு.

சட்டம் பேசுவதும் நடைமுறை நடப்பதும் வேறு. பஷ்கான் எனப்படும் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 35 உறுப்பினர் கொண்ட மக்கள் பேரவை இருக்கிறது. ருமேனிய மொழி (1994 சட்டத்தில் மால்டோவிய மொழி), ககாவுஸ், ரஷ்யன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். 101 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அது 61 வாக்கு. 2003இல் ககாவுசியா, மால்டோவா நாட்டு அரசமைப்பின் 111ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. ஆனால் கிஷினாவில் பிறகு வந்த சட்டங்கள் பல, தன்னாட்சி என்ற ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் எழுதப்பட்டன. எந்தத் திருத்தமும் கொண்டுவராமலேயே அதிகாரம் தேய்ந்தது. அண்மையில் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பக் கொடுக்கும் பொறுப்பு குறித்துக் கொம்ராத்துக்கும் கிஷினாவுக்கும் நடந்த சண்டை இந்த நீண்ட தேய்மானத்தின் ஒரு கட்டமே.

எவ்கேனியா குட்ஸுல் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 மே மாதம் அவர் இலான் ஷோர் கட்சியின் வேட்பாளராக வென்றார். ஷோர் வங்கி மோசடி வழக்கில் தண்டனை பெற்று வெளிநாட்டில் வாழ்பவர். அடுத்த மாதமே அரசமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்சியைச் சட்டவிரோதமானதாக அறிவித்தது. பஷ்கான் பதவியில் இருப்பவர் மால்டோவா அரசின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்பது 1994 சட்டம். அதிபர் மாயா சாந்து, குட்ஸுலை அரசின் உறுப்பினராக்கும் ஆணையில் கையெழுத்திடவில்லை. 2024 மார்ச்சில் குட்ஸுல் ரஷ்ய அதிபர் புதினைச் சந்தித்தார். பிறகு ரஷ்ய வங்கி ஒன்றின் மீர் என்ற பண அட்டை வழியாக ஓய்வூதியர்களுக்கு மாதம் 2,000 லெய் (மால்டோவா நாணயம்) வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். ஆகஸ்ட் 5 அன்று, கட்சிக்குச் சட்டவிரோதப் பணம் கொண்டுவந்த குற்றத்துக்கு ஏழாண்டு சிறைத்தண்டனை பெற்றார். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்.

இதில் என் கருத்து இரு பக்கத்தாருக்கும் பிடிக்காது. ரஷ்யப் பணம் மால்டோவாவின் தேர்தல்களைக் கெடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளியிலிருந்து வரும் பணத்தால் தலைவரைத் தேர்ந்தெடுப்பது தன்னாட்சியாகாது. மாதம் 2,000 லெய்க்காக ஒரு மக்களின் நிறுவனத்தை வாடகைக்கு விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் கையெழுத்திட மறுத்தது தனிநபருக்கு எதிரான செயலாக நின்றுவிடவில்லை. பதவிக்கே எதிரான செயலாக அது அங்குள்ள மக்களால் படிக்கப்பட்டது. நாளை நேர்மையான ஒருவர் வென்றாலும் அதே நாற்காலி காலியாக இருக்கக்கூடும் என்ற முன்னுதாரணம் உண்டாகிவிட்டது.

16 அக்டோபர் 2025

நேற்றையதைத் திரும்பப் படித்தேன். வாடகைக்கு விட்டார்கள் என்ற சொல் கடுமையானது. அதைத் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அந்த அட்டைக்காக வரிசையில் நின்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது எனக்கு உறுத்துகிறது. நான் பார்த்த கிராமங்களில் வேலை செய்யும் வயதில் ஆட்கள் மிகக் குறைவு. ஆண்கள் ரஷ்யாவின் கட்டுமானத் தளங்களில். பெண்கள் பலர் இஸ்தான்புல் வீடுகளில் முதியோரையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில். மொழி கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அவர்களுக்கு அங்கே வேலை எளிதில் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பாட்டிகள் வளர்க்கிறார்கள். அப்படியொரு பாட்டி கையில் 2,000 லெய் வரும்போது அதைப் புவிசார் அரசியலாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

திராட்சை அறுவடைக் காலத்தில் நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தைதான் அங்கே எல்லாப் பேச்சுக்கும் அடிப்படை. 2006இலும் 2013இலும் ரஷ்யா மால்டோவிய ஒயினுக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு மால்டோவா 2014இல் உடன்படிக்கை செய்த பின்பு, பொதுத்தடைக்கு நடுவே ரஷ்யா ககாவுசியாவின் சில ஆலைகளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது. ஒரு மாவட்டத்து விவசாயியின் திராட்சைக்கு யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று தொலைவில் உள்ள ஓர் அலுவலகம் தீர்மானித்தால் அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்?

20 அக்டோபர் 2025

வாக்களிப்பைப் பற்றிய எண்களை ஒருவர் கேட்டிருந்தார். 2014 பிப்ரவரி 2 அன்று கொம்ராத் தானாகவே நடத்திய, கிஷினாவால் சட்டவிரோதமென்று சொல்லப்பட்ட வாக்கெடுப்பில், ரஷ்யா தலைமையிலான சுங்க ஒன்றியத்துக்கு 98 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு விழுந்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய இலக்கை அரசமைப்பில் சேர்ப்பது குறித்து நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 50.35 விழுக்காடு, ககாவுசியாவில் எதிர்ப்பு கிட்டத்தட்ட 95 விழுக்காடு.

இவ்வளவு ஒருமுகமான வாக்கு எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் சாலையும் குடிநீரும் வந்திருக்கின்றன. துருக்கியின் உதவி முகமை கட்டிய கட்டடங்களும் நிற்கின்றன. 2018 அக்டோபரில் துருக்கி அதிபர் எர்துவான் கொம்ராத்துக்கு வந்தபோது மக்கள் தெருவில் திரண்டார்கள். ஆனால் தொலைக்காட்சி ரஷ்ய மொழியில், பள்ளி ரஷ்ய மொழியில், உறவினரின் சம்பளம் ரூபிளில் என்று இருக்கும்போது, வேறு எதையும் எடைபோட்டுப் பார்க்கத் தேவையான செய்தியே அவர்களை எட்டுவதில்லை. ருமேனிய மொழி நன்றாகத் தெரிந்திருந்த என் நண்பரின் அக்கா வேறுவிதமாக வாக்களித்தார். அதை வீட்டில் சொல்லத் தயங்கினார்.

ககாவுஸ் இனத்தவர் ஒருவர், அலெக்சாந்தர் ஸ்தோயனோக்லோ, கொம்ராத்தில் பிறந்தவர், 2024 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் சாந்துவை எதிர்த்து நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டின் உச்சப் பதவிக்கு ஒரு ககாவுஸ் போட்டியிட்டார், நாடெங்கும் அவருக்கு வாக்குகள் விழுந்தன. பிரிவினை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது அடங்குமா?

27 அக்டோபர் 2025

இத்தனை நாட்களாக எனக்கு மிகவும் வலிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

கொம்ராத்தின் முதன்மைத் தெருவுக்கு இன்னும் லெனின் பெயர்தான். அங்கே லெனின் சிலை இருக்கிறது, நவீன துருக்கியின் நிறுவனர் ஆத்தாதுர்க் பெயரில் நூலகம் இருக்கிறது, அஜர்பைஜானின் முன்னாள் அதிபர் ஹைதர் அலியேவ் பெயரில் பூங்கா இருக்கிறது. அந்தத் தெருவில் கடைகளிலும் அலுவலகங்களிலும் நான் கேட்டது பெரும்பாலும் ரஷ்ய மொழி. ககாவுஸ் மொழிக்கு 1957இல் சிரில் எழுத்தில் அரிச்சுவடி கிடைத்தது. 1990களில் லத்தீன் எழுத்துக்கு மாறியது. 1988 முதல் தொதுர் ஸானெத் நடத்திவரும் 'அனா சோஸு' செய்தித்தாள் இருக்கிறது. பெஷால்மா கிராமத்தில் கவிஞர் திமித்ரி கராசோபான் 1966இல், எந்த மேலிடமும் கேட்காமல், ஊராரின் பழம்பொருள்களைத் திரட்டி நிறுவிய அருங்காட்சியகம் இருக்கிறது. இத்தனை இருந்தும், முப்பது ஆண்டு தன்னாட்சிக்குப் பிறகும், பள்ளிகளில் ககாவுஸ் மொழி ஒரு பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. கணக்கும் அறிவியலும் வரலாறும் ரஷ்ய மொழியில்தான். அழியும் அபாயத்திலுள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது.

கிஷினாவ் அதைத் தடை செய்யவில்லை. தன்னாட்சியின் பெயரால் மேடையேறிய ஒவ்வொரு தலைவரும் ரஷ்ய மொழிக்காக வாதாடியதில் பத்தில் ஒரு பங்குகூடத் தங்கள் தாய்மொழிக்காக வாதாடவில்லை. என் நண்பரின் பாட்டி பேசியதைத் தம்பி புரிந்துகொள்வான்; ஆனால் ரஷ்ய மொழியில்தான் பதில் சொல்வான்.

29 அக்டோபர் 2025

"மொழியைக் காக்காத தன்னாட்சியை ஏன் ஆதரிக்கிறீர்கள்?" என்பது நியாயமான மறுகேள்வி. தன்னாட்சி போய்விட்டால் அந்த மொழியைக் காக்கக்கூடிய எந்த நிறுவனமும் மிஞ்சாது என்பதால். எல்லைக்கு அப்பால் உக்ரைனின் ஒதேசா மாகாணத்தில் 2001 கணக்கெடுப்புப்படி ஏறத்தாழ 27,600 ககாவுஸ் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பேரவை இல்லை, பஷ்கான் இல்லை, கொம்ராத்தில் இருப்பது போன்ற பல்கலைக்கழகமும் இல்லை.

2 நவம்பர் 2025

கடைசியாக வந்த கேள்வி: என்ன செய்யலாம்? வல்லரசுகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கிஷினாவும் கொம்ராத்தும் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். நாடாளுமன்றத்துக்கும் மக்கள் பேரவைக்கும் இடையே 2015இல் ஒரு கூட்டுப் பணிக்குழு அமைக்கப்பட்டது. அந்த மேசைக்குத் திரும்பி, பிற சட்டங்களை 1994 சட்டத்தோடு ஒத்துவரச் செய்ய வேண்டும். குட்ஸுல் விலகினாலும் இருந்தாலும், அடுத்து முறையாகத் தேர்ந்தெடுக்கப்படும் பஷ்கானுக்கு அரசில் உரிய இடத்தை மறுக்கக் கூடாது. தெற்கத்திப் பள்ளிகளுக்கு நல்ல ருமேனிய ஆசிரியர்களை, தண்டனை இடமாற்றமாக இல்லாமல் நல்ல ஊதியத்தில் அனுப்ப வேண்டும். அரசுப் பணியில் ககாவுஸ் இளைஞர்கள் சேராதவரை அந்த அரசு அவர்களுடையதாகத் தோன்றாது.

தொடக்கப்பள்ளியின் முதல் நான்கு வகுப்புகளைக் ககாவுஸ் மொழியில் நடத்தலாம். இதற்கு மாஸ்கோவின் அனுமதியும் வேண்டாம், அங்காராவின் கடனும் வேண்டாம். கல்வி, பண்பாடு குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டே மக்கள் பேரவையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.